அலுமினியப் படகு, பித்தளை வால்வு, சுத்திலும் வெள்ளைப் பொடி: ஆத்துத் தண்ணியிலயும் இப்படி அரிக்குமா?

நாகமரை_துறை · ஞாயிறு, இரவு 9.10

எல்லாருக்கும் வணக்கம். நமக்கு பெண்ணாகரம் பக்கம் நாகமரை, மேட்டூர் அணைத்தண்ணி வந்து நிக்கிற இடம். எங்கிட்ட 18 அடி அலுமினியப் படகு இருக்கு. கடலோரத்துல ஒருத்தர்கிட்ட செகண்ட்ஹேண்டா வாங்கி 3 வருஷம் ஆகுது. பின்னாடி அவுட்போர்டு இன்ஜின். வலையும் மீனும்தான் ஏத்தறது.

தண்ணி இறங்கிட்டதால போன வாரம் கரையில ஏத்திக் கவுத்துப் பார்த்தேன். பார்த்த எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு.

படகுக்குள்ள சேர்ற தண்ணியை வடிக்க, அடியில ஒரு இஞ்ச் பித்தளை கேட் வால்வு போட்டிருக்கு. 2 வருஷம் முன்னாடி டவுன்ல ஒரு பட்டறையில போட்டது. அதைச் சுத்தி மோதிரம் மாதிரி ஒரு பள்ளம், நகத்தை வச்சா நகம் உக்காருது. அதுல ஈரச் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையா ஒன்னு அப்பியிருக்கு. சுரண்டினா அடியில கருப்பு கருப்பா பொத்தல்.

இன்ஜின் பிராக்கெட்டைப் பிடிக்கிற எவர்சில்வர் போல்ட்டு நாலும் இறுகிப்போச்சு. ஒன்னைத் திருகினேன், தலை கையோட வந்துடுச்சு. சுத்திலும் பெயிண்ட் தோசை மாதிரி உப்பி நிக்குது. இதுல வேடிக்கை என்னன்னா, இன்ஜினோட வந்த ஜிங்க் கட்டி மட்டும் வாங்கின அன்னைக்கு இருந்த மாதிரியே இருக்கு.

போன வருஷமே லேசா வெள்ளை பூத்திருந்துச்சு. அதே பட்டறையில காட்டினேன். "எம்-சீல் வச்சு அடைச்சு மேல பெயிண்ட் அடிச்சிடு"ன்னாங்க, அடிச்சேன். இப்ப அதுக்கு அடியிலதான் ஜாஸ்தி.

இது கடலா? காவேரித் தண்ணி, குடிக்கிற தண்ணி. இதுல எப்படிங்க அரிக்கும்?

சந்தேகப்பிராணி · ஞாயிறு, இரவு 9.32

ரெண்டு உலோகம் சேர்ந்தா அரிக்கும்ங்கறது உப்புத்தண்ணிக் கதை. நல்ல தண்ணியில வராது. தகடு மட்டச் சரக்கா இருக்கும், இல்லன்னா கடல்ல இருந்தப்பவே அரிச்சதை மறைச்சு உங்க தலையில கட்டியிருப்பாங்க.

ஊட்டமலை_பரிசல் · ஞாயிறு, இரவு 9.41

இதுக்குத்தான் சொல்றது, மூங்கிலைப் பின்னு, தாரைப் பூசு, துடுப்பைப் போடு. எங்க பரிசல்ல ஆனோடும் (கரையற உலோகம்) இல்ல, கேத்தோடும் (கரைய வைக்கிற உலோகம்) இல்ல. 😄

போர்வெல்_மாரண்டஅள்ளி · ஞாயிறு, இரவு 10.05

சந்தேகம் அண்ணா, நல்ல தண்ணியில வராதுன்னு எங்க ஊர் ஜிஐ பைப்புகிட்ட (ஜிங்க் பூசின இரும்பு பைப்பு) வந்து சொல்லுங்க.

நான் சப்மெர்சிபிள் ஏத்தி இறக்கற வேலை. எவர்சில்வர் மோட்டார், அதுக்கு மேல ஜிஐ பைப்பு. 600 அடியில இருந்து தூக்குனா மேல இருக்கற பைப்பெல்லாம் சும்மா துரு பிடிச்சு நிக்கும். மோட்டாரோட சேர்ற முதல் பைப்போட மரை மட்டும் பிஸ்கட் மாதிரி உதிரும். எத்தனையோ மோட்டாரு அந்த இடத்துல அத்துக்கிட்டு உள்ள விழுந்திருக்கு. அதே தண்ணிதான், அதே பைப்புதான். எவர்சில்வரைத் தொடற இடம் மட்டும் ஏன் போகுது? நம்ம மாவட்டத்து போர்த் தண்ணி ஃப்ளோரைடும் உப்புமா கனத்த தண்ணி, அதனால சீக்கிரம் போகுது. ஆத்துத் தண்ணின்னா கொஞ்சம் லேட்டாகும், அவ்வளவுதான்.

வேதியியல்_டீச்சர் · திங்கள், காலை 6.15

மாரண்டஅள்ளித் தம்பி கையால் பார்த்ததைத்தான் நான் பன்னிரண்டாம் வகுப்பில் கரும்பலகையில் வரைகிறேன். பாடத்தை விட்டுவிட்டுச் சமையலறைக்கே வருகிறேன்.

மீந்த தக்காளித் தொக்கை எவர்சில்வர் கிண்ணத்தில் வைத்து, மேலே அலுமினியத் தாளால் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். தாள் தொக்கில் படும்படி அழுத்தி, கிண்ணத்தின் விளிம்பிலும் சுற்றிவிடுங்கள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் தொக்கு தொட்ட இடத்தில் தாள் பொத்தல் பொத்தலாக இருக்கும். அதே தொக்கைக் கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்தால் அந்த அளவுக்கு ஆகாது. புளிப்பு இரண்டிலும் ஒன்றுதான். எவர்சில்வர் துணை சேர்ந்ததுதான் வித்தியாசம்.

இதற்கு மூன்று வேண்டும்: குணம் வேறான இரண்டு உலோகம், அவை ஒன்றையொன்று தொடுவது, இரண்டையும் நனைக்கும் தண்ணீர். மூன்றும் சேர்ந்தால் அது ஒரு பேட்டரி. இளகிய மனசுள்ள உலோகம் எலெக்ட்ரானை விட்டுக் கரையும், மற்றது சுகமாக இருக்கும். கடல்நீரில் அளந்து வைத்த வரிசையில் மெக்னீசியம்தான் முதலில் கரைவது. பிறகு ஜிங்க், அலுமினியம், சாதா இரும்பு, பித்தளை, செம்பு. கடைசியில் எவர்சில்வர். அதையும் தாண்டி கிராஃபைட், அதாவது பென்சில் முனை. அலுமினியத்துக்கும் பித்தளைக்கும் நடுவே ஏறக்குறைய 0.4 வோல்ட் இடைவெளி. அந்தப் படகில் கரைய வேண்டியது யார் என்பது வால்வை மாட்டிய அன்றே முடிவாகிவிட்டது.

நல்ல தண்ணீரில் ஏன் என்ற கேள்விக்கு வருகிறேன். கடல்நீரின் மின்கடத்தல் சென்டிமீட்டருக்கு 50,000 மைக்ரோ சீமென்ஸ் அளவில் இருக்கும், ஆற்றுநீர் பொதுவாகச் சில நூறுதான். ஆகவே கரண்ட் குறைவு, உண்மை. ஆனால் கரண்ட் தூரம் போக முடியாததால், கரைவதெல்லாம் வால்வை ஒட்டியே கரைகிறது. கடலில் அந்த அரிப்பு அடிப்பகுதி முழுக்கப் பரவலாகத் தேயும், ஆற்றில் மோதிரமாகக் குடையும். நாகமரைத் தம்பி சொன்ன பள்ளம் அதுதான். சந்தேகப்பிராணி சார் சொல்வதுபோல் கடலிலேயே அரித்திருந்தால் இத்தனை அழகான வட்டம் வந்திருக்காது.

இன்னொன்று. எம்-சீலும் பெயிண்டும் அடித்தது தவறான பக்கத்தில். கரைகிற உலோகத்துக்கு மட்டும் பெயிண்ட் அடித்தால், அதில் விழும் ஒரு கீறலில் மொத்தக் கரண்டும் வந்து குவியும். அடிப்பதானால் இரண்டுக்கும் அடிக்க வேண்டும். ஒன்றுக்குத்தான் என்றால் பித்தளைக்கு அடியுங்கள்.

சந்தேகப்பிராணி · திங்கள், காலை 8.50

டீச்சர், மோதிரக் கணக்கை ஒத்துக்கிறேன். ஆனா எவ்வளவு பெரிய படகு, எவ்வளவு சின்ன வால்வு! சின்ன பித்தளை, பெரிய அலுமினியம்னா பயமில்லைன்னுதானே படிச்சோம்?

வேதியியல்_டீச்சர் · திங்கள், காலை 9.05

நல்ல கேள்வி, ஃப்ரீ பீரியடில் இருக்கிறேன். முழுப் படகையும் கணக்கில் சேர்க்காதீர்கள். பெயிண்ட் அடித்த இடம் கணக்கில் வராது. நல்ல தண்ணீரில் தூரத்து இடமும் வராது. மிஞ்சுவது பெயிண்ட் உரிந்த அந்த வளையம் மட்டும். இப்போது சொல்லுங்கள், எது பெரியது, பித்தளையா அலுமினியமா?

காசிமேடு_ரிட்டர்ன் · திங்கள், மதியம் 1.20

காவேரிப்பட்டணம்தான் சொந்த ஊரு. காசிமேட்டுல 11 வருஷம் இன்ஜின் பார்த்துட்டு வந்தவன். டீச்சர் சொன்னதுக்கு மேல தியரி வேணாம். தம்பி, நாலு விஷயம் பார்த்துட்டு வந்து சொல்லு.

அந்த ஜிங்க் கட்டி மேல யாராவது பெயிண்ட் அடிச்சாங்களா? புதுசு மாதிரி இருக்குன்னா சந்தோஷப்படாதே, அது வேலையே செய்யலன்னு அர்த்தம். அலுமினியத்துக்குப் பதிலா அது தேயணும், தேயத்தான் அதை வச்சிருக்கு. பெயிண்ட் இல்லன்னாலும் நல்ல தண்ணியில ஜிங்க் மேல வெள்ளையா கெட்டித் தோல் கட்டிக்கும், அப்புறம் தூங்கிடும். கடலுக்கு ஜிங்க் இல்லன்னா அலுமினியக் கலவை. முகத்துவாரத்துக்கு அலுமினியம். நல்ல தண்ணிக்கு மெக்னீசியம். உன் படகு கடல்ல இருந்து வந்துச்சு, கட்டியை யாரும் மாத்தல.

ரெண்டாவது, கட்டியை எடுத்து அது உக்காந்த இடத்தைச் சுரண்டிப் பார். உலோகமும் உலோகமும் நேரா தொடணும். நடுவுல பெயிண்டோ துருவோ இருந்தா மாட்டி வச்ச நகைதான்.

மூணாவது பேட்டரி. தண்ணி இறைக்கற பம்பு, லைட்டு எல்லாத்துக்கும் நெகட்டிவ் வயரு பேட்டரிக்குத் திரும்பி வருதா, இல்ல லாரிக்காரன் மாதிரி பாடியில கடிச்சு விட்டிருக்கா? பாடியில விட்டிருந்தா இது பித்தளை விவகாரத்தை விடப் பெரிய விவகாரம். ரெண்டு உலோகம் அரை வோல்ட்ல வருஷக்கணக்கா தின்றதை, பேட்டரி கசிவு 12 வோல்ட்ல சில நாள்ல தின்னுடும். ஒரே ராத்திரியில நாசமான படகை நான் பார்த்திருக்கேன்.

நாலாவது, அடித்தளத்துல சேர்ற தண்ணியில கையை விட்டுத் துழாவு. வயர் உரிச்ச செம்பு நூலு, பித்தளை வாசர், காசு ஏதாவது கிடந்தா பொறுக்கு. செம்பு கரைஞ்ச தண்ணி பட்டாலே அலுமினியம் குழி விழும்.

லேத்து_ஓசூர் · திங்கள், மாலை 6.30

வெர்னியரோட வாலை விட்டு அந்தப் பள்ளத்தோட ஆழத்தை அளந்து போடுங்க. தகடு கனம் எவ்வளவு? அதைப் பொறுத்துத்தான் அடைக்கிறதா வெட்டறதான்னு சொல்ல முடியும்.

நாகமரை_துறை · செவ்வாய், இரவு 8.15

எல்லாத்தையும் பார்த்துட்டேன்.

ஜிங்க் கட்டி மேல பெயிண்ட் இருந்துச்சு. இன்ஜினோட அதே கலரு, அதனாலதான் இத்தனை நாள் கண்ணுல படல. சுரண்டினா அடியில கட்டி அப்படியே பளபளன்னு இருக்கு.

பம்போட கருப்பு வயரு, சீட்டுக்கு அடியில ஒரு ஸ்க்ரூ போட்டு பாடியில கடிச்சிருக்கு. லைட்டும் அங்கேயேதான். வால்வு போட்ட அதே பட்டறை வேலைதான் இதுவும்.

அடித்தளத்துல ரெண்டு பித்தளை வாசர், ஒரு பிடி செம்பு நூலு, ஒரு மூக்குத்தித் திருகாணி (வீட்டம்மா இதைத் தேடி ஒரு வருஷம் ஆச்சு, ராத்திரி சாப்பாடு கொஞ்சம் நல்லாயிருந்துச்சு).

தகடு 3 மி.மீ. பள்ளம் பெரும்பாலும் 1 மி.மீ., ஆழமான இடத்துல 1.2 வரைக்கும் இருக்கு.

சும்மா இருக்க முடியாம ஒரு வேலையும் பண்ணினேன். பக்கெட்டுல அணைத்தண்ணி, ஒரு துண்டு அலுமினியத் தகடு, கழட்டின அந்த வால்வு. ரெண்டும் தொடாம நிறுத்தி மல்டிமீட்டரை வச்சா 0.4-க்குக் கொஞ்சம் மேல காட்டுது. மில்லி ஆம்ப்புல வச்சா 0.2-ஐ ஒட்டி. ஒரு கை கல்லுப்பு போட்டேன், வோல்ட் பெருசா மாறல, ஆம்ப் மட்டும் எகிறிடுச்சு. பையன் பக்கத்துல நின்னு பார்த்துட்டு, "அப்பா, இதுல போன் சார்ஜ் போடலாமா"ங்கறான்.

வேதியியல்_டீச்சர் · செவ்வாய், இரவு 8.58

தம்பி, உங்களுக்குச் செய்முறைத் தேர்வில் முழு மார்க்.

உங்கள் 0.2-ஐ வைத்து ஒரு கணக்குப் போட்டேன். 1 மில்லி ஆம்ப் ஒரு வருஷம் விடாமல் ஓடினால் ஏறக்குறைய 3 கிராம் அலுமினியம் கரையும். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் 3 மி.மீ. தகட்டில் அது ஏறக்குறைய ஒரு ரூபாய் நாணய அகலத்துக்கு ஓட்டை. 0.2 என்றால் இரண்டு வருஷத்தில் 1.2 கிராம். வால்வைச் சுற்றி 3 மி.மீ. அகல வளையத்தில் அதைப் பரப்பினால் ஆழம் 1 மி.மீ. சொச்சம் வருகிறது. நீங்கள் அளந்ததும் அதையே சொல்கிறது! பக்கெட்டும் படகும் ஒன்றல்ல, பேட்டரிக் கசிவும் சேர்ந்திருக்கிறது, அதனால் இந்தப் பொருத்தத்தில் பாதி அதிர்ஷ்டம். என்றாலும் நாளைக்கு வகுப்பில் இதைத்தான் சொல்லப்போகிறேன்.

லேத்து_ஓசூர் · செவ்வாய், இரவு 9.40

3-ல 1.2 போயிருச்சுன்னா எம்-சீல், அரால்டைட் எல்லாம் பேசவே வேணாம். அந்த வட்டத்தை வெட்டி எடுத்துட்டு அதே கனத்துல புதுத் தகடு வச்சு ஆர்கான் வெல்டிங் போடுங்க. தகடு 5083 இல்லன்னா 5052 (அலுமினியக் கலவையோட நம்பர்). ஃபில்லர் கம்பி 5356-ன்னு சொல்லிக் கேளுங்க. பாதிப் பட்டறையில 4043 கம்பிதான் கையில இருக்கும், "எல்லாம் அலுமினியம்தான்"னு சொல்லி அதையே ஓட்டுவாங்க. 5083-க்கு அது ஆகாது, ஜாயிண்ட் வெடிக்கும்.

போல்ட்டுக்கு எவர்சில்வரே இருக்கட்டும், பலம் வேணும். ஆனா அலுமினியத்தைத் தொடக் கூடாது. 8 மி.மீ. போல்ட்டுன்னா ஓட்டையை 12-க்குப் பெருசாக்கி, உள்ள புஷ் (போல்ட்டைச் சுத்தி உக்கார்ற பிளாஸ்டிக் குழாய்) கடைஞ்சு போடணும். ரெண்டு பக்கமும் காலர் வாசர். நைலான் ராடு வாங்காதீங்க, தண்ணி குடிச்சு ஊதிக்கும், அப்புறம் புஷ்ஷைக் கழட்ட சுத்தியல்தான். டெல்ரின் வாங்குங்க, அதுவும் பிளாஸ்டிக்தான், ஓசூர்ல கிடைக்கும். கொண்டாந்தா நானே கடைஞ்சு தர்றேன், ஒரு டீ போதும்.

போர்வெல்_மாரண்டஅள்ளி · செவ்வாய், இரவு 9.55

வாசருக்குப் பதிலா லாரி ட்யூப்பை வட்டமா வெட்டிப் போட்டா ஆகாதா? நாங்க எல்லாத்துக்கும் அதைத்தான் போடறோம்.

காசிமேடு_ரிட்டர்ன் · செவ்வாய், இரவு 10.20

கூடாது. ட்யூப்பு கருப்பா இருக்கறது கார்பனால. சில ட்யூப்புல மீட்டர் முனையைக் குத்தினா ரெசிஸ்டன்ஸ் காட்டும், அப்படின்னா அது முழு இன்சுலேஷன் இல்ல. கார்பன் எவர்சில்வரையே மிஞ்சினதுன்னு டீச்சர் வரிசையில சொன்னாங்களே. அதோட அடியில தண்ணியையும் பிடிச்சு வச்சுக்கும். கிராஃபைட் கிரீஸும் அதே காரணத்துக்காக வேணாம். பென்சில்ல மார்க் பண்ணி ஓட்டை போடறதைக்கூட நாங்க அலுமினியத்துல விட்டுட்டோம், ஸ்கெட்ச் பேனாதான்.

போல்ட்டை மாட்டறதுக்கு முன்னாடி மரைக்கு லானோலின் கிரீஸோ, அலுமினியத்துக்குன்னே விக்கிற ஜாயிண்டிங் பேஸ்டோ தடவு. தண்ணி உள்ள நுழையாத வரைக்கும் பேட்டரி உருவாகாது. ஏற்கெனவே இறுகின போல்ட்டு திருகித் திருகி வராது. உள்ள இருக்கற வெள்ளைப் பொடி அலுமினியத்தை விட இடம் ஜாஸ்தி எடுக்கும், அதான் அப்படிப் பிடிக்குது. சுத்தி இருக்கற அலுமினியத்தைச் சூடு பண்ணி, ஆற விட்டு, மறுபடி சூடு பண்ணி முன்னும் பின்னும் ஆட்டு. அவசரப்பட்டா மிச்சம் மூணு தலையும் போயிடும்.

வால்வு: பித்தளை வேணவே வேணாம். கிளாஸ் ஃபைபர் கலந்த நைலான்ல படகுக்குன்னே வடிகால் ஃபிட்டிங் வருது, அதை வாங்கு. வீட்டுக்குப் போடற பிவிசி வால்வை தண்ணிக்கு அடியில போடாதே, ஒரு பாறையில தட்டினா கையோட வந்துடும். பண்ணவாடிப் பக்கம் தண்ணி இறங்கினா நந்தி சிலையே வெளிய தெரியும். அடியில என்னென்ன கல்லு கிடக்குன்னு உனக்குத் தெரியாததா?

வயரு: ஒவ்வொரு நெகட்டிவும் தனி வயராப் பேட்டரிக்கே வரணும். இன்ஜின் பிளாக் எப்படியும் நெகட்டிவ்தான், அது பிராக்கெட் வழியா பாடியைத் தொடும், அதை விட்டுடு. அந்த ஒரு இடம் தவிர வேற எங்கேயும் பாடி வழியா கரண்ட் ஓடக் கூடாது. கரையேறினா மெயின் ஸ்விட்சை ஆஃப் பண்ணு.

வேதியியல்_டீச்சர் · புதன், காலை 6.05

வாசர் பேச்சைப் பார்த்ததும் ஒரு பழைய கதை ஞாபகம் வந்தது. 1761-ல் அலார்ம் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் மர அடிப்பகுதிக்குச் செப்புத் தகடு அடித்தார்கள். அடித்தது இரும்பு ஆணியால். இரண்டு வருஷம் கழித்துத் திருப்பிப் பார்த்தால் ஆணிகள் கரைந்து, தகடு பல இடத்தில் பிரிந்து கிடந்தது. ஆனால் சில ஆணிகள் மட்டும் நன்றாக இருந்தன. தகடு சுற்றி வந்த பழுப்புக் காகிதத்தை யாரோ சோம்பேறித்தனமாகக் கிழிக்காமல் விட்டிருக்கிறார்கள். ஆணிக்கும் செம்புக்கும் நடுவே காகிதம் இருந்த இடமெல்லாம் தப்பித்தது. உங்கள் டெல்ரின் புஷ்ஷுக்கு அந்தக் காகிதம்தான் பாட்டன்.

1824-ல் ஹம்ஃப்ரி டேவி தலைகீழாக யோசித்தார். செம்பைக் காப்பாற்ற ஜிங்க், இரும்புத் துண்டுகளைக் கப்பலில் வைத்தார். செம்பு கரைவது நின்றது. ஆனால் கரைகிற செம்புதான் பாசியையும் சிப்பியையும் விரட்டிக்கொண்டிருந்தது. அது நின்றதும் அடியெல்லாம் சிப்பி அப்பிக் கப்பல் நகரவில்லை. பாவம்.

நாகமரை_துறை · புதன், இரவு 7.30

டீச்சர், காசிமேடு அண்ணா, ரெண்டு பேருக்கும் நன்றி. மெக்னீசியம் கட்டி எங்க கிடைக்கும்? தர்மபுரியில ரெண்டு கடையில கேட்டேன், என்னை ஒரு மாதிரி பார்க்கறாங்க.

போர்வெல்_மாரண்டஅள்ளி · புதன், இரவு 7.48

கீசர் மெக்கானிக்கைப் பிடிங்க! நம்ம ஊர்த் தண்ணிக்கு கீசர் டேங்க் ஓட்டையாகாம இருக்க உள்ள ஒரு ராடு மாட்டுவாங்க, அது மெக்னீசியம்தான். எங்க ஊர்லயே சோலார் ஹீட்டர் கடையில தொங்குது.

காசிமேடு_ரிட்டர்ன் · புதன், இரவு 8.10

மாரண்டஅள்ளி, உன் மூளைக்கு ஒரு சல்யூட். ஆனா அதை இன்ஜின்ல போல்ட்டு போட்டு மாட்டாதே. இன்ஜினுக்கு அந்தந்தக் கம்பெனி மெக்னீசியம் கட்டியே தருது, டீலர்கிட்ட "நல்ல தண்ணிக்கு"ன்னு சொல்லி ஆர்டர் போடு. கீசர் ராடை, படகு துறையில நிக்கறப்ப மட்டும் ஒரு வயர்ல கட்டித் தண்ணியில தொங்க விடு. வயரோட மறு முனை பெயிண்ட் சுரண்டின அலுமினியத்துல இறுக்கமா இருக்கணும், நடுவுல செம்பு நூலு தண்ணியில தெரியக் கூடாது.

அதிகமாவும் வேணாம். மெக்னீசியம் ரொம்ப முரட்டுத்தனமா தள்ளும். தேவைக்கு மேல போட்டா பெயிண்ட் உப்பும், அலுமினியத்தை ஒட்டின தண்ணி சோப்புத்தண்ணி மாதிரி காரத்தன்மையாகி அதுவே தகட்டைத் தின்னும். சின்ன ராடு ஒன்னு, மாசம் ஒரு தடவை பார்வை. பாதி தேஞ்சதும் மாத்து. என்னைக்காவது படகைக் கடலுக்கு வித்தா மெக்னீசியத்தைக் கழட்டிட்டு வில்லு, அங்கே சீக்கிரமே கரைஞ்சு போயிடும்.

சந்தேகப்பிராணி · புதன், இரவு 8.40

நான் ஒன்னும் சொல்லல. வீட்டு கீசரைத் திறந்து பார்க்கப் போறேன், 6 வருஷமா தொடல.

நாகமரை_துறை · 18 நாள் கழிச்சு, ஞாயிறு, மாலை 5.20

வேலை முடிஞ்சது. ஓசூர்ல வெட்டி வெல்டிங் போட்டாச்சு. 5356 கம்பின்னு பேரைச் சொன்னதும் வெல்டர் என்னை ஏதோ இன்ஜினியர்னு நினைச்சுக்கிட்டாரு. புஷ் லேத்து அண்ணன் கடைஞ்சு தந்தாரு, டீக்காசையும் அவரே குடுத்துட்டாரு. போல்ட்டு மூணுல ரெண்டு முழுசா வந்துச்சு. மூணாவதுக்கு டிரில்தான். மாட்டினதுக்கு அப்புறம் போல்ட்டுக்கும் பாடிக்கும் மீட்டர் வச்சேன், நாலும் தனியா நிக்குது. வயரெல்லாம் புதுசு.

நைலான் ஃபிட்டிங் கேரளாவில இருந்து பார்சல்ல வந்துச்சு. கீசர் ராடு தொங்குது. எட்டு நாளாச்சு, மேல லேசா சொரசொரன்னு ஆகியிருக்கு. தேயுது. தேயறதைப் பார்த்து சந்தோஷப்படறது இதுதான் முதல் தடவை.

டீச்சர், வெட்டி எடுத்த அந்த வட்டத்தை பழைய இரும்புக்காரன்கிட்ட போடாம வச்சிருக்கேன், பள்ளம் நல்லாத் தெரியுது. வால்வும் இருக்கு. உங்க பிள்ளைங்களுக்குக் காட்டணும்னா திங்கக்கிழமை தர்மபுரி வரும்போது கொண்டாறேன்.

வேதியியல்_டீச்சர் · ஞாயிறு, மாலை 5.34

கொண்டு வாருங்கள் தம்பி. தயவுசெய்து அந்த வெள்ளைப் பொடியைக் கழுவிவிடாதீர்கள்.

நாகமரை_துறை · ஞாயிறு, மாலை 5.36

ஐயோ டீச்சர், வீட்டம்மா நேத்தே சபீனா போட்டுத் தேய்ச்சு வச்சுட்டா. வால்வுல மட்டும் கொஞ்சம் ஒட்டியிருக்கு, அதைத் துணியில சுத்தி எடுத்துட்டு வர்றேன்.